ஒரு சுழி அதிகம்!

காலை ஒன்பது இருபது.

நகராட்சி அலுவலகத்தில் எழுந்த அலறலில் சுவர்க் கடிகாரமே நின்றுபோயிருக்கும்... அது ஏற்கெனவே இரண்டு மாதமாக நின்றுபோய்த்தான் கிடந்தது என்பது வேறு விஷயம்.

அலறியவள் அலுவலகம் பெருக்கும் பெண். ஆவண அறைக் கதவைத் திறந்தவள், துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வராந்தாவில் ஓடி வந்தாள். ஆளாளுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார்கள்.

உள்ளே, இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, தரையில்...

ஆடிட்டர்!

மல்லாந்து கிடந்தார். நெற்றியிலிருந்து காது வரை சிவப்பு. காலர் முழுக்கச் சிவப்பு. மூக்குக் கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது.

பக்கத்தில் குந்தியிருந்தான் போர்டு எழுதும் பெயிண்டர். அவனுடைய இரண்டு உள்ளங்கையும் சிவப்பு!

"ஒரு சுழி அதிகம்," என்றான் கூட்டத்தைப் பார்த்து.

"என்னது?"

"ஒரு சுழி அதிகம்."

கணக்குப் பிரிவுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அந்தப் பெயிண்டர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அலுவலகத்தில் பாதிப் பேர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

மேலாளர் அதற்குள் வழக்கை விசாரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தார்.

"மனநல மையத்துக்குப் போற ஆளுக்கு வேலை குடுக்காதீங்கன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப பாருங்க, மனுஷன் மண்டையைப் பொளந்துட்டான்."

தம்பி மனநல மையத்துக்குப் போகிறவன்தான். அக்கா அதை யாரிடமும் மறைத்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் ஆறு மாதம் கிடந்தான். நகராட்சியின் அந்த மையத்து ஆலோசகர்தான் வாராவாரம் பேசிப் பேசி, அவன் கையில் மறுபடி பிரஷ்ஷைப் பிடிக்க வைத்தார். பயம் வந்தால் மட்டும் இன்றைக்கும் அவனுக்கு வார்த்தை சிக்கிக்கொள்ளும். அப்போது உண்மையான ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள், அதை மட்டும் சொல் என்பது ஆலோசகர் சொல்லிக் கொடுத்த வைத்தியம்.

அவன் இப்போது பிடித்துக்கொண்டிருந்தது அந்த மூன்று வார்த்தைகளைத்தான். ஆனால் பதற்றத்தில் அக்காவுக்கே அது பினாத்தலாகத்தான் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மா கன்னத்தைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர் வாசலில் ஜீப்பை நிறுத்தும்போது போன் வந்திருக்கிறது. யார் மேல் எரிந்து விழலாம் என்று தேடிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

குனிந்து ஆடிட்டரின் நெற்றியைத் தொட்டார். விரலை முகர்ந்தார்.

"ரத்தம் இல்ல. பெயிண்ட்டு."

நாடி ஒழுங்காகத் துடித்தது. மூச்சும் வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. மேலாளர் விடுவாரா? மூலையில் நசுங்கிக் கிடந்த பெயிண்ட் டப்பாவைக் காட்டினார். அதால்தான் அடித்திருப்பான், உள்காயமாக இருக்கும் என்றார். ஆடிட்டரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அக்கா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"மேடம், அவன் எறும்பைக்கூட நசுக்க மாட்டான்."

"ஆடிட்டர் கண்ணு முழிச்சு 'இந்தப் பையன் அடிக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. நானே கொண்டுவந்து விடறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜீப் போய்விட்டது.

இன்னொரு இடியும் இருந்தது. ஆவண அறையிலிருந்து ஒரே ஒரு ஃபைலைக் காணோம். மனநல சேவைக்குச் செலவழித்த பில்கள் அடங்கிய ஃபைல்!

அந்த நகராட்சியில் ஒரு விதி உண்டு. மனநல சேவைக்கு எதெதற்கு எவ்வளவு செலவானது என்பதை வருடத்துக்கு ஒரு தடவை வாசல் சுவரில் இருக்கும் பெரிய பலகையில் பெயிண்ட்டால் எழுத வேண்டும். போகிற வருகிற ஜனம் படிக்கிற மாதிரி எழுதி, போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசி நாள் இன்று. கடைசி நேரம் மாலை ஐந்து. தவறினால் அடுத்த வருடத்து நிதி கிடையாது. நிதி இல்லை என்றால் மையத்துக்குப் பூட்டு.

எழுத வேண்டியவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

மேலாளர் கவலையே படவில்லை. இத்தனை வருடமாக அந்தப் பலகையை யார் நின்று படித்தார்கள், மையம் மூடினால் வாடகை மிச்சம் என்றார். அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மையம் போனால் தம்பி திரும்பவும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவளுக்கு இருப்பதே அவன் ஒருத்தன்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு சுழி அதிகம்...

சுழி என்றால் பூஜ்யம். அவளுக்குத் தெரிந்தது அதுதான். எங்கேயோ ஒரு பூஜ்யம் கூடியிருக்கிறது! பலகையில் எழுதக் கொடுத்த செலவுப் பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று அலசினாள். எல்லாப் பூஜ்யமும் அதனதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மணி ஒன்று. பசி தெரியவில்லை.

மணி இரண்டு. தலை வலித்தது.

எழுந்து வாசலுக்குப் போனாள். தம்பி பாதியில் விட்ட பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. முதல் வரி சிவப்புப் பெயிண்ட்டில் முடிந்திருந்தது: 'மனநல மையம் - 9 லட்சம்'. இரண்டாவது, மருந்து 4 லட்சம். மூன்றாவது வரிக்கு நூல் பிடித்துக் கோடு அடித்து, சாக்பீஸால் எழுத்துகளை மட்டும் கோட்டு உருவமாகப் போட்டிருந்தான். இரண்டாவது எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் கேள்விக்குறி.

அக்கா வாய்விட்டுப் படித்தாள். மனநல மையம்.

திரும்பவும் படித்தாள். இந்தத் தடவை கண்ணால்.

'மணநல மையம் - 18 லட்சம்'.

தூக்கிவாரிப் போட்டது!

மேலே ரெண்டு சுழி ன. கீழே மூணு சுழி ண!

அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒன்று. எழுதினால் ஒன்று மனசு, இன்னொன்று கல்யாணம். மூன்று மூன்று லட்சமாக ஆறு பில். ஆறும் அவள் கை வழியாகத்தான் போயின. ஆடிட்டர் முத்திரை இருக்கிறதே என்று ஒன்றைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. எழுத்தை வரைந்து பிழைக்கிறவன் கண்ணில்தான் அது பட்டிருக்கிறது. தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் பறந்தாள்.

தம்பி பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு சுழிடா. புரிஞ்சுடுச்சு."

அவ்வளவுதான்! அடைத்திருந்த குழாய் திறந்த மாதிரி அவனுக்குப் பேச்சு வந்தது.

"எது சரின்னு கேக்கப் போனேன்க்கா. நீ அப்ப இன்னும் வரல, அவர்தான் உள்ள இருந்தாரு. கேட்டேன். இங்கயே இருன்னுட்டு வெளிய போயிட்டு வந்தாரு. வந்ததும் என் கையில இருந்த டப்பாவைப் பிடுங்கினாரு. எனக்குப் பயம் வந்துடுச்சு, கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா கீழ கிடக்காரு."

"நீ கண்ண மூடினப்போ வேற யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவனுக்குத் தெரியவில்லை. மேலாளராக இருக்குமோ என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம். காலையிலிருந்தே குதித்துக்கொண்டிருக்கிறாரே!

அக்கா கொண்டுவந்த பட்டியலில் பணம் வாங்கியவரின் போன் நம்பர் இருந்தது. இன்ஸ்பெக்டர் பல் வலியை மறந்து குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"ஹலோ, மணநல மையங்களா? எங்க பொண்ணுக்கு ஒரு நல்ல வரன் பாக்கணும்... ஆமா... நம்பி வரலாங்களா?... ஓ, அப்படியா? ரொம்ப சந்தோஷம். இப்ப எங்க இருக்கீங்க?... அடடா. பரவால்ல, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

போனை வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. என்ன என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"உனக்குக் கூட்டல் கணக்கு நல்லா வரும்ல?"

"அதானே மேடம் என் பொழப்பு."

"தப்பாப் போடவும் வருமா?"

மணி மூன்றே கால். ஆஸ்பத்திரி.

ஆடிட்டர் கட்டிலில் மரக்கட்டை மாதிரி கிடந்தார். தலைமாட்டில் அவர் மனைவி. காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஸ்கேன் எடுக்க வரிசை நீளம், எப்போது விழிப்பார் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தாளைப் பிரித்தாள்.

"சார், காதுல விழுதோ இல்லையோ, உங்ககிட்ட சொல்லாம எழுதக் கூடாது. மையம் ஒம்போது லட்சம். மருந்து நாலு. இன்னொண்ணு பதினெட்டு. ஆக மொத்தம் முப்பது."

ஆடிட்டர் அசையவில்லை. ஆனால் வலது இமை மட்டும் ஒரு தடவை துடித்தது.

"இல்லல்ல, தப்பு. ஒம்போது, நாலு, பதினெட்டு... முப்பத்திரண்டு. அதையே பலகையில எழுதி, கீழ 'தணிக்கை செய்யப்பட்டது'ன்னு உங்க பேரையும் போட்டுடறேன் சார்."

தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"ஊரே படிக்கட்டும். மொத்தம் முப்பத்திரண்டு லட்ச—"

"முப்பத்தொண்ணு!"



சொன்னது யார்?

கட்டிலில் கிடந்த மரக்கட்டை!

இருபத்தெட்டு வருடமாக ஒரு தப்புக் கூட்டலைக்கூட விட்டுவைக்காத நாக்கு, கடைசியில் முதலாளியையே காட்டிக் கொடுத்துவிட்டது. ஆடிட்டர் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டார்.

"இனிமே மூடி என்ன சார் பிரயோஜனம்?" என்ற இன்ஸ்பெக்டர், மனைவியின் பக்கம் திரும்பினார். "மத்தியானம் போன்ல பேசினது நான்தாம்மா. 'எங்க வீட்டுக்காரர் நகராட்சி ஆடிட்டர், தைரியமா நம்பி வாங்க, இப்ப அவரோட ஆஸ்பத்திரியில இருக்கேன்'னு சொன்னீங்களே. வந்துட்டேன்."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மீதியை ஆடிட்டரே கக்கினார். மனைவி பெயரில் ஒரு கல்யாணத் தகவல் மையம். அதற்கு வேண்டுமென்றே வைத்த பெயர் மணநல மையம். ஒரு சுழியைக் கூட்டிப் போட்டுப் பில்லை அவரே பாஸ் செய்ய, இரண்டாவது ஆலோசகரைப் போட வந்த பணம் ஆறு தவணையில் வீட்டுக்கு வந்துவிட்டது. பையன் வந்து கேட்டதும் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. ஃபைலைக் காருக்குள் ஒளித்துவைத்துவிட்டு வந்து, பிடுங்கிய பெயிண்ட்டைத் தலையில் ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டால், பழி அவன் மேல்; பலகையும் எழுத முடியாது; மையத்தை மூடிவிட்டால் கணக்கை யார் கேட்கப் போகிறார்கள்? மனநல மையத்துக்குப் போகிறவன் சொன்னால் எவனும் நம்ப மாட்டான் என்பதுதான் அவருடைய பெரிய நம்பிக்கை.

நாலு மணிக்குத் தம்பி பலகைக்கு முன்னால் ஏணியில் நின்றான்.

மேலாளர் ஓடி வந்தார். மூன்றாவது வரியை விட்டுவிடலாம், நகராட்சி மானம் போய்விடும் என்று குழைந்தார். அக்கா அசையவில்லை.

"செலவானதை எழுதணும்னுதான் சார் விதி. அது எங்க போச்சுங்கறதையும் சேர்த்தே எழுதுவோம். எழுதுடா தம்பி."

அவன் எழுதினான்.

'ஆடிட்டரின் மனைவி நடத்தும் மணநல மையத்துக்குச் சென்றது - 18 லட்சம். திரும்பப் பெற்று இரண்டாவது ஆலோசகர் நியமிக்கப்படுவார்.'

முதலில் ஒரு பஸ் டிரைவர் நின்று படித்தார். அப்புறம் பள்ளிக்கூடம் விட்ட கூட்டம். நாலே முக்காலுக்குத் தெருவே அடைத்துக்கொண்டது. அக்கா கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கிப் போட்டோ எடுத்து அனுப்பினாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. மையத்துக்குப் பூட்டு இல்லை என்று ஏணியைப் பார்த்துக் கத்தினாள். தம்பி சிரித்தான். மூன்று வருடம் கழித்து அவன் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்து, இவள் நடுத்தெருவில் நின்று அழுதாள்.

ஸ்டேஷனில், காலையில் தம்பி உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் ஆடிட்டர். எதிரே பேப்பரும் பேனாவுமாக ஏட்டு.

"மேடம்... மனசே சரியில்ல. நெஞ்சு பாரமா அடைக்குது," என்றார் ஆடிட்டர் ஈனக் குரலில். "யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசினாத் தேவலாம் போல இருக்கு."

பல் டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

"தாராளமாப் பேசுங்க சார். எழுதிக்கத்தானே ஏட்டு உக்காந்திருக்காரு!"