ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்

"ஹலோ! சார்! உங்களைத்தான்... அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

அந்த ஆள் அசையவே இல்லை. கடை மூலையில் நின்ற பெரிய ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு அதன் முன்னால் குனிந்து நின்றிருந்தான். தலையை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. காலையிலிருந்து அவள் உட்கார்ந்து எழுதி அலமாரியில் செருகிய விலைச் சீட்டுகள், அவன் பின்னால் ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டிருந்தன.

"சார்ர்ர்!"

ம்ஹூம்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். வாயைத் திறந்தால் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட தொண்டையையே ஒருத்தன் காதில் வாங்காமல் நிற்பதாவது! விடுவிடுவென்று போனாள். எட்டி, அவன் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைச் சட்டென்று மேலே தூக்கினாள்.

உள்ளே இரண்டு கண்கள்... மூடியிருந்தன. மெல்லத் திறந்தன. வெளியே பெய்கிற மழை கொஞ்சம் உள்ளேயும் வந்து தங்கிவிட்ட மாதிரி, கறுத்து, குளிர்ந்து, கொஞ்சமும் அவசரமில்லாத கண்கள்...

திட்ட வந்தவளுக்குத் திட்டு மறந்துபோனது.

"என்னங்க சொன்னீங்க?" என்றான்.

"காது கேக்காதா உங்களுக்கு?"

"கேக்கும். கேக்குறதுதாங்க என் வேலையே." அவன் கண்கள் அவள் முகத்திலேயே ஒரு கணம் நின்றன. "இந்த ஹெல்மெட் நல்லாத்தான் இருக்கு... ஆனா... இந்த ஓரத்துல காத்து விசிலடிக்குது. வேற காட்டுங்களேன்."

"காட்டுறேன். மொதல்ல கீழ கிடக்குற சீட்டையெல்லாம் பொறுக்குங்க!"

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தான். கல்லாவில் இருந்த அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவன். வீடு ஒரு கோடி, ஸ்டூடியோ ஒரு கோடி. நடுவில் நீளமான நெடுஞ்சாலை. வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் காற்றடித்து அடித்துக் காது இரண்டும் 'ஙொய்ங்' என்று ஆகிவிடும். அப்புறம் மத்தியானம் வரைக்கும் தன் காதைத் தானே நம்ப முடியாது. விலை உயர்ந்ததை வாங்க வசதியில்லை. மலிவாக வாங்கிப் பார்த்தவையெல்லாம் காதுக்குள்ளேயே அருவியாகக் கொட்டின. நடுத்தர விலை, தலை வலிக்கக்கூடாது, சத்தம் வரக்கூடாது... இவ்வளவுதான் கேட்டான்.

இவ்வளவுதானா! சில்வண்டுக்குச் சர்க்கரைப் பொட்டலம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பேச்சை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருக்கிறாள்!

"சத்தம் மேல இருந்து வருதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்லீங்க! முக்கால்வாசி கழுத்து வழியாத்தான் ஏறும். கீழ்ப்பக்கம் கழுத்தை ஒட்டி இருக்கணும். கண்ணாடி மூடுனா ரப்பர் நல்லா கவ்வணும். மேல ஓட்டை ஓட்டையா ஸ்டைலா இருக்கே, அதெல்லாம் பாக்கத்தான் அழகு, ஓட்டுனா ஊதும். அப்புறம் தலை... உங்களுக்கு நீளத் தலை. உருண்டைத் தலைக்குச் செஞ்சதைப் போட்டா நெத்தியில வலிக்கும்..."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போட்டவுடன் பணம் வாங்க மாட்டார்கள். ஹெல்மெட்டோடு பெஞ்சில் சும்மா உட்கார வேண்டும், நன்றாக நேரம் போகும்வரை. பிறகு கழற்றி நெற்றியைப் பார்ப்பார்கள். சிவப்பாகத் தடம் விழுந்திருந்தால் அது அந்தத் தலைக்கு ஆகாது. அவன் உட்கார்ந்தான். அவள் பேசினாள். அவன் கேட்டான். கழற்றியபோது, நனைந்த முடியை விலக்கி அவன் நெற்றியை அவள்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள்... கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"தடம் இருக்கா?" என்றான் மெதுவாக.

"இ... இல்ல. இருக்கு. லேசா இருக்கு!"

மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும். ஒன்றில் காது மடங்குகிறது, ஒன்றில் கண்ணாடி கடகடக்கிறது, இன்னொன்றில் தாடை அருகே ஏதோ முணுமுணுக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு குறை.

"ஏண்டி சில்வண்டு, இந்தக் காதுக்காரர் ஹெல்மெட் வாங்க வர்றாரா, இல்ல தலையை இங்கயே அடகு வைக்க வர்றாரா?" என்றாள் அண்ணி.

"போங்க அண்ணி! வாடிக்கையாளர் திருப்திதானே முக்கியம்?"

"அப்படியா? உங்கண்ணன் காதுல விழட்டும், அவர் குடுப்பார் திருப்தி."

கடை அண்ணனுடையது. கஸ்டமரிடம் இரண்டு பல் கூடுதலாகத் தெரியச் சிரித்தாலே கண்ணை உருட்டுகிறவர். ஆனாலும் சாயங்காலம் ஆனால் அவள் கண் வாசலுக்குப் போய்விடும். மழையில் ஒவ்வொரு வண்டி சத்தத்துக்கும் நெஞ்சு ஒரு தரம் எழுந்து உட்காரும்...

ஒரு சாயங்காலம் அவன் வண்டி வந்தது. பின்சீட்டில் ஒரு பெண்ணும் வந்தாள்.

"அய்யோ, இந்தக் கடையா? தினமும் சொல்லுவியே, இதுதானா?"

குரலா அது! தேனைச் சூடாக்கி ஊற்றின மாதிரி... மேலே ஏணியில் நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அண்ணனே ஒரு பெட்டியை நழுவவிட்டார். ஸ்டூடியோவில் அவளைக் குயில் என்பார்களாம். திரையில் பாதி நாயகிகளுக்கு அவள்தான் பேசுகிறாளாம். பார்ப்பதற்கும், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அழகாகவே இருந்தாள். சில்வண்டின் வயிற்றெரிச்சலைத்தான் சொல்கிறேன்.

'நீ'யாம்! 'சொல்லுவியே'யாம்! நான் இத்தனை நாளா 'வாங்க, உக்காருங்க'ன்னு தேஞ்சுகிட்டு இருக்கேன்...

அன்று எடுத்து வைத்திருந்தது ஒரு கறுப்பு ஹெல்மெட். பொறுக்கிப் பொறுக்கிக் கடைசியில் அவன் தலைக்கென்றே அமைந்தது. மீடியம் சைஸை அவன் போட்டான். கன்னம் இரண்டும் அழுந்தி உதடு லேசாகக் குவிந்தது.

குயில் களுக்கென்று சிரித்தாள். "சகிக்கல! கோவிச்சுக்கிட்ட குழந்தை மாதிரி இருக்கே. பெரிய சைஸ் போடு."

லார்ஜ் வந்தது. தளர்வாக, சுகமாக உட்கார்ந்தது. குயில் அவன் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் அவன் தாடைக்குக் கீழே ஸ்ட்ராப்பை இழுத்து, தானே மாட்டிவிட்டாள். போதாததற்கு ஒரு தட்டு வேறு.

இந்தக் கடையில் ஸ்ட்ராப் மாட்டிவிடுவது யார் வேலை? சுவர்க் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது சில்வண்டுக்கு. பார்க்கச் சகிக்கவில்லை.

"இது நல்லா இருக்குல்ல?" அவன் இவளைத்தான் கேட்டான். "சௌகரியமா இருக்கு. இதை எடுக்கவா? நீங்க சொல்லுங்க."

சொல்ல வேண்டியது எல்லாம் அவளுக்குத் தெரியும். கன்னம் அழுந்தினால்தான் சரியான சைஸ், கொஞ்ச நாளில் பஞ்சு படிந்துவிடும். கடையில் சுகமாக இருக்கிற பெரிய சைஸ் ரோட்டில் கூச்சல் போடும். வாய் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் குயிலின் கை இன்னும் அவன் தோளில் இருந்தது.

"அதான் அவங்களே பாத்துட்டாங்களே... நான் என்ன சொல்ல?" என்றாள். பில்லைக் கிழித்து அவன் கையில் வைத்தாள். "நன்றி. மீண்டும் வருக."

அவன் முகம் வாடியதை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். நல்லா வாடட்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் மழை விட்டபாடில்லை. சாயங்காலம் அந்த வண்டி வரவில்லை. வராது என்று தெரியும், அதான் வாங்கியாகிவிட்டதே... தெரிந்தும் வாசலைப் பார்த்தாள். பார்த்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். அந்தக் குரலோடு நாள் முழுக்க ஒரே அறையில் இருக்கிறானே! ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காதுக்குள்ளேயே அவளை வைத்துக்கொண்டு... சே, ஊதட்டும், அந்த ஹெல்மெட் நல்லா ஊதட்டும்!

அதற்கடுத்த நாள் காலையில் ஒரு பெரியவர் ஹெல்மெட் பார்க்க வந்தார். வழக்கமாகச் சொல்கிற பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஸ்ட்ராப்பை மாட்டிட்டு, பின்பக்கம் புடிச்சு முன்னால தள்ளிப் பாருங்க ஐயா. கழண்டு வந்துச்சுன்னா அது உங்க சைஸ் இல்ல. விழுந்தா மொதல்ல அதுதான் தெறிச்சுப் போகும். அப்புறம் தல..."



ஊதட்டும் என்றுதானே நினைத்தாள்? இதை நினைத்தாளா? இந்த மழையில், அந்த நெடுஞ்சாலையில், அவன் தலையில் கழன்று வருகிற ஒரு ஹெல்மெட்... அதைத் தெரிந்தே மாட்டி அனுப்பியது யார்?

"அண்ணி! பெரியவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க!"

"எங்கடி ஓடற இந்த மழையில?"

மீடியம் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த ஸ்டூடியோவுக்கு ஸ்கூட்டரில் பறந்துவிட்டாள். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். வண்டி நிக்கணும்... ஸ்டூடியோ வாசல்ல அவர் வண்டி நிக்கணும்...

நின்றது. அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழைத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டாள்.

உள்ளே, கதவுக்கு மேல் ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு அணைந்ததும் அனுப்பினார்கள். சின்ன அறை. பொத்தான்கள் நிறைந்த பெரிய மேஜை முன்னால் அவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் குயில். சொட்டச் சொட்ட நனைந்து நின்றவளைப் பார்த்து அவன் திடுக்கிட்டு எழுந்தான். அதற்குள் சுவரிலிருந்த ஸ்பீக்கரில் தேன் குரல் கொதித்தது.

"பின்னாடி 'உஸ்ஸு'ன்னு சத்தம் வருதே, உனக்குக் கேக்கலையா? நேத்து எடுத்ததும் இப்படித்தான், பூரா குப்பை. முதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலையே போயிடும்டா. என்ன ஆச்சு உன் காதுக்கு?"

அவன் ஒரு பொத்தானை அழுத்தி, சோர்ந்துபோய்ப் பதில் சொன்னான். "தெரியல... காதுல காத்து இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கு."

"அவர் மேல தப்பில்ல!" சில்வண்டு வெடித்தாள். "தப்பு என்னோடது. அந்த ஹெல்மெட் ஒரு சைஸ் பெரிசு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்!"

அவன் விரல் பொத்தானிலிருந்து எடுபடவே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் குயில் அசையாமல் நின்றாள். எல்லாம் அவள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேவா?" அவன் குரல் மாறியது. "நேத்து வளைவுல வண்டி சறுக்குச்சு. ஒரு கையால ஹெல்மெட்டைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிமிர்த்துனேன். விழுந்திருந்தா?"

"அதை நெனைச்சுத்தான் ஓடி வந்தேன்..." இப்போது மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. "திட்டுங்க. கடைக்கு வந்து அண்ணன்கிட்ட சொல்லுங்க. ஆனா மொதல்ல இதைப் போட்டுக்கோங்க. கன்னம் வலிக்கும், பரவால்ல, வலிச்சாலும் போட்டுக்கோங்க..."

"ஏன் அன்னைக்கே சொல்லல? எவ்வளவு பேசுறவங்க நீங்க! அன்னைக்கு மட்டும் ஏன் வாய மூடிக்கிட்டீங்க?"

"பொறாமை! வேற என்ன?" என்று கத்தினாள். "அவங்க உங்க தோள்ல கை வச்சாங்க. நீ வா போன்னு பேசுனாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. எனக்கு என்ன உரிமைன்னு கேக்காதீங்க, ஒண்ணும் இல்ல, தெரியும். இருந்தாலும் எரிஞ்சுது!"



கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குயில் ஹெட்போனைக் கழற்றினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் இவளையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

"ஊர்ல இருக்குற நாயகிக்கெல்லாம் இந்த வசனத்தை நான் பேசிட்டேன்," என்றாள். அந்தத் தேன் குரலில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தது. "எனக்குன்னு பேச வேண்டிய நேரத்துல சிரிச்சு மழுப்பிட்டேன். நீ முந்திக்கிட்டே, பொண்ணு. மீதியை நாளைக்கு எடுத்துக்கலாம்."

கதவு மெல்ல மூடியது. அந்த முகத்தில் இருந்தது என்னவென்று சில்வண்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் முறையாக அந்தப் பெண்மேல் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அவன் பெட்டியைத் திறந்தான். மீடியத்தை எடுத்துப் பார்த்தான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்கள் பழையபடி அவசரமில்லாமல் இருந்தன.

"நேத்து சாயங்காலமே மாத்தலாம்னு உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன்," என்றான். "'மீண்டும் வருக'ன்னு ஒரு மூஞ்சி வச்சீங்களே... அந்த மூஞ்சியை இன்னொரு தடவை பாக்க தைரியம் இல்ல. திரும்பிட்டேன்."

"அய்யோ..."

"நானும் ஒரு தப்பு சொல்லிடறேன். மொத நாள் போட்டேனே, அந்த ஹெல்மெட் விசிலே அடிக்கல. அதுக்கப்புறம் போட்டதும் பாதி நல்லாத்தான் இருந்துச்சு. நாள் பூரா அடுத்தவங்க எழுதிக் குடுத்ததை அடுத்தவங்க பேசக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவன் நான். நீங்க பேசறதை மட்டும் நிறுத்தவே மனசு வரல. வாங்கிட்டா அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு வர்றது?"

சில்வண்டுக்குப் பேச்சே எழவில்லை. அண்ணி பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

"ஏதாவது சொல்லுங்க..."

"அவங்க இங்கதான வேலை செய்வாங்க?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "செய்யட்டும். நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல. ஆனா எனக்குப் பொறாமையாத்தான் இருக்கும். தினமும் இருக்கும். இப்பவே சொல்லிட்டேன்."

"இருக்கட்டும். தினமும் சாயங்காலம் வந்து சமாதானம் சொல்றேன்."

"எத்தனை நாளைக்கு வருவீங்க?"

அவன் சிரித்தான்.

"அதை உங்க அண்ணன்கிட்ட பேசிக்கிறேன். கிளம்புங்க, இப்பவே போலாம்."