வெளுத்துப்போன சிவப்பு கிட்டார்

வியாழன், காலை 7.05.

கிட்போக் பின்கட்டு அறையின் பூட்டைத் திறந்தான். அடுத்த நொடி அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு, நல்ல வெயில் பார்த்துக் கடைசிப் பூச்சு அடித்துக் கொக்கியில் தொங்கவிட்ட எலக்ட்ரிக் கிட்டார் அது. நான்கு மாதம் செதுக்கி, தேய்த்து, நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் மாதுளைச் சிவப்புமாய்ச் சாயம் ஏற்றி, மேலே கண்ணாடி மாதிரி காயும் லேக்கர் பன்னிரண்டு தடவை. இப்போது அதன் வயிறு முழுக்கப் பாலாடை படர்ந்ததுபோல் வெள்ளை. சிவப்பு உள்ளே எங்கோ மூழ்கிக் கிடந்தது.

சனிக்கிழமை அதைப் பார்க்க கிட்டார் வித்வான் பாஹ் லம்போக் வருகிறார். ஷில்லாங்கில் அவர் தோளில் தொங்கும் கிட்டார் எதுவோ, அடுத்த மாதம் ஊரே வாங்கக் கேட்பது அதைத்தான். அவருக்குப் பிடிக்காவிட்டால் கிட்போக் பழையபடி ஜன்னல் சட்டம் அடிக்கப் போகவேண்டியதுதான்.

காலை 8.40.

அந்த ஊரில் அண்ணன் என்றால் பாஹ், அக்கா என்றால் கோங். வீட்டுக்குக் கீழே பெயிண்ட் கடை வைத்திருக்கும் கோங் ஃபிடாலியா படியேறி வந்தாள். துக்கம் விசாரிக்க அல்ல.

"நான் குடுத்த லேக்கர் மட்டம்னு தெரு முழுக்கச் சொல்லிட்டிருக்கியாமே?"

"வேற என்ன சொல்றது கோங்? நாலு மணிக்கு மழை பிடிச்சுது, ஈரத்தை இழுத்துடுச்சு. நல்ல சரக்கா இருந்தா தாங்கியிருக்காதா?"

"தப்பு என் டின்லன்னா புது டின் தர்றேன். வேற ஆள்கிட்டன்னா, அதே தெருவுல திரும்ப நடந்து நீயே வாயால சொல்லணும். சரியா?"

"சரி."

இருபத்திரண்டு வருடமாக, ஆள் படியேறும் விதத்தை வைத்தே எந்த நிறம் கேட்பார் என்று சொல்லிவிடுகிறவள் அவள். கிட்டாரைத் தொடாமல் சுற்றிவந்தாள். வெள்ளை அடியில் கெட்டியாக இருந்தது. மேலே போகப்போக மெலிந்தது. தலைப்பகுதியில் சுத்தமாக இல்லை. அங்கே 'கிட்போக்' என்ற பெயர் மட்டும் தங்க எழுத்தில் பளபளத்தது. அறையின் சூட்டுக்காக எரியவேண்டிய குண்டு பல்பு அணைந்திருந்தது. இருந்த ஒரே சாக்கெட்டிலிருந்து அதன் பிளக் கழன்று தரையில் கிடந்தது.

"மாதிரிக் கட்டை எங்க?"

ஈரக் கிட்டாரைத் தொட்டால் கைரேகை பதிந்துவிடும். அதனால் அதே மரத்துண்டு ஒன்றுக்கும் அதே கையோடு அடித்து, அதைத்தான் தொட்டுப் பார்ப்பது வழக்கம். கிட்போக் அதைத் தாழ்வாரத்தில் மாட்டியிருந்தான். கோங் போய்ப் பார்த்தாள். மழைச்சாரலில் ஆடிக்கொண்டிருந்த கட்டை மாதுளை முத்துப்போல் மின்னியது. விரலை வைத்தாள். நேராகச் சமையலறைக்கு நடந்தாள்.

காலை 9.00. சமையலறை.

தெய்லின், கிட்போக்கின் தங்கை. கடைக்குட்டி மகள், ஆகவே ஊர் வழக்கப்படி வீடு அவளுடையது.

"நேத்து எப்ப வெளிய போன?"

"நாலரைக்கு. சர்ச்சுல பாட்டுப் பயிற்சி. அண்ணன் அதுக்கு முன்னாலயே பஜாருக்குப் போயாச்சு. ஆறுக்குத்தான் ரெண்டு பேரும் வந்தோம்."

"அறைச் சாவி?"

"அந்த ஆணியில. ஊருக்கே தெரியும்."

"வந்தப்போ ஏதாவது மாறியிருந்துதா?"

"கரண்ட் கெட்டில்ல தண்ணி ரொப்பி வெச்சுட்டுப் போனேன், அடியில ஒரு வாய்தான் இருந்துது. அரிசி டப்பா மேல பிஸ்கட் டின் ஒண்ணு. ஆசையாத் திறந்தா உள்ள செப்புக் கம்பிச் சுருள்! எனக்கு ஒரு பிஸ்கட் வாங்கித் தர ஆளில்ல. அந்தக் கட்டைக்கு மட்டும் கல்கத்தாவுலேர்ந்து சாயம் வருது."

"பொறாமையோ?"

"பின்ன? நாலு மாசமா என் அறையில அது தூங்குது, என் துணி வெளிய நனையுது."

காலை 9.30.

பிரெம்லி, கோங் ஆளனுப்பி வந்தவர். கிட்டார் செய்யும் இன்னொருவர். லாய்தும்க்ரா வட்டாரத்தில் கிட்போக்கின் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கும் முதல் ஆள்.

"நேத்து வந்தீங்களா பாஹ்?"

"அஞ்சு மணிக்கு. ஆளில்ல. சாவி எடுத்துத் திறந்து பாத்தேன்."

"பாத்து?"

"வயிறு எரிஞ்சுது கோங். அவ்வளவு சிவப்பு! அப்படியே பின்னால நகந்தேன், கீழ இருந்த பிஸ்கட் டின் கால்ல இடிச்சுது. பூட்டிட்டுப் போய் ரெண்டு தட்டு ஜாதோ, கறிச்சோறு, சாப்பிட்டேன். என் எரிச்சலுக்கு அதான் மருந்து."

காலை 9.50.

ஷன்போர். ரேடியோ பழுது பார்ப்பவன், கிட்போக்கின் கூட்டாளி. கிட்டாருக்குச் சத்தம் தரும் காந்தச் சுருளைச் செப்புக் கம்பியால் சுற்றித் தந்தவன்.

"அஞ்சரைக்கு வந்தேன். யாருமில்ல, திரும்பிட்டேன். அறைப்பக்கமே போகல."

"வெளுத்தது எதனால?"

"மழை. இல்லேன்னா உங்க லேக்கர்."

"அதுல வரப்போற சத்தம் யாரோடது?"

"என்னோடது. எட்டாயிரம் சுத்து, ஒவ்வொண்ணும் இந்தக் கையால."

"பேரு?"

ஷன்போர் சுவரைப் பார்த்தான். "பேரு அவனோடது."

காலை 10.20.

நால்வரும் சமையலறையில். கோங் நிதானமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள்.

"சாரல்ல தொங்கின கட்டை பளிச்சுனு இருக்கு. பூட்டின அறைக்குள்ள இருந்தது வெளுத்திருக்கு. அப்ப மழையுமில்ல, என் லேக்கருமில்ல. வெள்ளை கீழேர்ந்து ஏறியிருக்கு. பல்பு பிளக்கைப் பிடுங்கி, கெட்டிலை மாட்டி, கிட்டாருக்கு அடியில கொதிக்க விட்டிருக்காங்க. ஆவி."

பிரெம்லி எழுந்தார். "நான் இல்ல!"

"உக்காருங்க பாஹ். நீங்களா இருந்தா அந்த டின்னும் ஆவியில வெந்திருக்கும், இல்ல உங்க பைக்குள்ள போயிருக்கும். தெய்லினுக்கு அதுக்குள்ள இருந்தது பிஸ்கட்டா கம்பியான்னே தெரியாது. அஞ்சு மணிக்கு கிட்டார் காலடியில இருந்த டின், ஆறு மணிக்கு அரிசி டப்பா மேல ஏறிடுச்சு. அதுல ஒரு சொட்டு ஈரம் படக்கூடாதுன்னு யாருக்கு மனசு அடிச்சுக்கும்?"

யாரும் ஷன்போரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"அவன் வேலையைக் கெடுக்கும்போதும் உன் வேலையைத் தூக்கிப் பத்திரமா வெச்ச பாரு, அங்கதான் மாட்டின."

ஷன்போர் வெடித்தான். "மரம் செதுக்கினவன் பேரு தங்கத்துல! எனக்கு? தட்டினா 'டொக்'குங்கிற பலகை அது. அதுக்குக் குரல் குடுத்தது நான்!"

"கேட்டிருந்தா போட்டிருப்பேனேடா!" என்றான் கிட்போக்.

"கேட்டு வாங்கறதுக்குப் பேரு பேரா?"

கிட்போக் கை ஓங்கினான். ஷன்போர் அரிசி டப்பா மேலிருந்த டின்னை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டான். "அடி. இந்தச் சுருள் இல்லாம சனிக்கிழமை எதை வாசிச்சுக் காட்டுவ?"

ஓங்கிய கை இறங்கியது. கோங் வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள்.

"வெயில் வரட்டும். மெதுவாக் காயற தின்னரை ஒரே ஒரு கை மெலிசா அடி, உள்ள போன ஈரம் தானா வெளிய வந்துடும். தலையில ரெண்டு பேரும் பேரு எழுதிக்கோங்க. ஆனா முதல்ல தெருவுல ஒரு நடை போயிட்டு வா கிட்போக்."

அவன் போனான்.

வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. தின்னர் பட்டதும் வெள்ளை ஓரத்திலிருந்து கரைய, சிவப்பு மூச்சுவாங்கி மேலே வந்தது. ஷன்போர் டின்னைத் திறந்தான். பழைய பெயரைச் சுரண்டினார்கள். புதிதாக எழுதும்போது மேல் வரி யாருக்கு என்று கேள்வி வந்தது. சாயங்காலம்வரை அது தீரவில்லை. தலை மொட்டையாகவே நின்றது.

சனி, மாலை 4.00.

பாஹ் லம்போக் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வேணும் இது. யாரு செஞ்சது?"

"நான்" என்றான் கிட்போக். "நான்" என்றான் ஷன்போர். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

வாசற்படியில் நின்ற கோங் ஃபிடாலியா தொண்டையைச் செருமினாள்.

"லேக்கர் என் கடையோடது, பாஹ்."