துணி சீட்டு வண்டி

பின்பக்கத்து இடது கதவில் ஜன்னலை ஏற்றி இறக்கும் கைப்பிடி இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, அதே வேலைக்கான பட்டன் ஒன்றும் இருந்தது. ஒரு ஜன்னலுக்கு ஏதாவது ஒன்று போதும். இரண்டும் இருக்கிற கதவைத் தன் இருபத்திரண்டு வருட சர்வீசில் சர்வேயர் பார்த்ததே இல்லை.

பழைய கார்களைப் பரிசோதித்து, இது இன்ன வருடம், இன்ன மாடல் என்று சான்று எழுதித் தருவதுதான் அவர் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு அவரைப்போலப் பொருத்தமில்லாத ஆள் கிடைக்கமாட்டார். அடுத்தவர் வண்டி என்றாலே அவருக்கு உடம்பு கூசும். மிதியடியைத் தூக்கினால் வெட்டிப்போட்ட நகம், சீட்டு இடுக்கில் மென்று துப்பிய சூயிங் கம், தலை சாய்க்கும் இடத்தில் பத்து வருடத்து எண்ணெய்க் கறை, அதில் ஒட்டிய முடி. இரண்டு கைக்கும் உறை, மூக்குக்கு முகமூடி, உட்காரும் முன் சீட்டில் விரிக்க ஒரு வெள்ளைக் கைக்குட்டை என்று அவர் வந்தால், பக்கத்து ஆபீஸ்காரர்கள் "ஆபரேஷன் டாக்டர் வந்துட்டார்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், தொட்டுப் பார்க்கிறவனுக்கல்லவா தெரியும்.

இந்த வண்டியை மட்டும் அவரால் தட்டிக்கழிக்க முடியவில்லை. தங்கை வீட்டு வண்டி. பதினைந்து நாளைக்கு முன் மாப்பிள்ளை எட்டு போட்டோ அனுப்பி, "வாங்கலாமா மச்சான்?" என்று கேட்டபோது, நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வண்டியை விற்க நிறுத்தியிருந்த பழைய கார் கொட்டகையின் நாற்றத்தை நினைத்துப் போகாமலே இருந்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டே எட்டுப் படத்தையும் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "பேஸ் மாடல், துணி சீட்டு. நல்லாத்தான் இருக்கு, வாங்குங்க" என்று சொல்லிவிட்டார். அவர் வார்த்தையை நம்பி அவர்களும் வாங்கிவிட்டார்கள்.

இன்று மூன்று மணிக்கு, கொட்டும் மழையில், தங்கை வண்டியோடு வந்து நின்றாள். கையில் ஒரு கோப்பு, பின்னால் ஆறு வயது மகள் குட்டி.

"ஒரே வண்டிக்கு மூணு காகிதத்துல மூணு மாடல் போட்டிருக்காங்கண்ணா" என்றாள் கோப்பை நீட்டி. "இன்சூரன்ஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த மாடல்னு நீ எழுதிக் குடுத்தாதான் எடுத்துக்குவாங்களாம்."

அவர் பார்த்தார். தொழிற்சாலைக் காகிதத்தில் பேஸ் மாடல், இருப்பதிலேயே மலிவானது. முந்தைய சொந்தக்காரர் கைக்கு வந்தபிறகு புதுப்பித்த பதிவுப் புத்தகத்தில் மிட். போன வாரம் தங்கை வீட்டு வாசலில் வந்து பார்த்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் டாப் என்று எழுதியிருந்தான். காகிதங்கள் முன்னுக்குப்பின் முரணாக இருப்பது புதிதல்ல, தேதி வாரியாக அடுக்கினால் பள்ளிப் பிள்ளை மாதிரி வகுப்பு ஏறிக்கொண்டே போனதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மாப்பிள்ளை வரலையா?"

"எங்கண்ணா வர்றது! பத்து நாளா முதுகு, தொடையெல்லாம் ஒரே அரிப்பு. தோல் தோலா உரியுது. சட்டை போட முடியாம குப்புறப் படுத்திருக்கார். டாக்டர் களிம்பு குடுத்திருக்கார், ஒண்ணும் கேக்கல."

சர்வேயருக்கு மேற்கொண்டு கேட்கப் பிடிக்கவில்லை. இவளுக்கு எதையும் விலாவாரியாகச் சொல்லியாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த குட்டி, தன் முதுகை நாற்காலியின் முதுகில் வைத்து மாடு தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா இருடி" என்றாள் தங்கை.

அவர்களை முன்னறையில் தேநீரோடு உட்கார வைத்துவிட்டு, உறைகளை மாட்டிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்கு வந்தார். சாரலுக்காகப் பாதி இறக்கிவிட்ட ஷட்டருக்குக் கீழே மழைத்தண்ணீர் நெளிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது, தகரக் கூரை ஓயாமல் இரைந்தது, குழல் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டி யோசித்துப் பிறகு எரிந்தது, அந்த வெளிச்சத்தில் வெள்ளை வண்டி தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. அப்போதுதான் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து, கைப்பிடியும் பட்டனுமாக அந்த இரட்டை ஏற்பாட்டைப் பார்த்தார்.

வண்டிக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. பூஞ்சையின் வாடை இல்லை, பெட்ரோல் இல்லை, செத்த எலியும் இல்லை. புண்ணில் பல நாள் கட்டியிருந்த துணியை அவிழ்க்கும்போது வருமே, உடம்புச் சூட்டில் ஊறிய அந்தக் கவுச்சி. முகமூடியை மூக்கின்மேல் இழுத்து அமுக்கிக்கொண்டார்.

யாரோ பேஸ் மாடலை வாங்கி, டாப் மாடல் சாமான்களை மாட்டியிருக்கிறான். அவ்வளவுதான். அப்படி மாட்டினால் அடையாளம் இருக்கும்: திருகு கீறல், வெட்டிய ஒயர், சுற்றிய டேப். தேடினார். பேஸ் மாடலில் டேஷ்போர்டில் பட்டன் வரவேண்டிய இடங்களை வெறும் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார்கள். இங்கே நாலு இடத்தில் மூடி இல்லை, பட்டன் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பலகையை நெம்பிப் பின்னால் டார்ச் அடித்தார். ஒயர்கள் இருந்தன. சிவப்பு, நீலம் என்று எந்த நிறமும் இல்லாமல் எல்லாமே வெளிறிப்போய், மெல்லிய ஈரத்தோடு, இணைப்பான் எதுவும் இல்லாமல் நேராகப் பட்டனுக்குள் போய் முடிந்தன. ஒன்றைத் தொட்டார். இன்ஜின் அணைத்து அரை மணி ஆகியும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கையை உதறிக்கொண்டார்.

பின்கதவுப் பட்டனுக்குத் திரும்பவும் வந்தார். குனிந்து பார்த்தார். கறுப்பு பிளாஸ்டிக் இல்லை. மங்கலான இளஞ்சிவப்பில், லேசாக வளைந்து, மேல்முனை மழுங்கி இருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு பிறை. சுற்றிலும் விளிம்பில் காய்ந்த தோல் பிசிறு. விரல் வைத்து அமுக்கினார். அது உள்ளே போகவில்லை. அடியில் மெத்தென்று ஏதோ அமுங்கியது, பிறை வெளுத்தது, விட்டதும் மெல்லச் சிவந்தது.

சர்வேயர் கொட்டகை மூலைக்குப் போய் ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் புரட்டினார். முந்தைய சொந்தக்காரரின் தொலைபேசி எண் இருந்தது. எடுத்தது அவர் மனைவி.

"அந்த வெள்ளை வண்டிங்களா? நாங்க ஒண்ணுமே மாத்தலைங்க. வாங்கும்போது நாலு ஜன்னலுக்கும் கைப்பிடிதான். அப்புறம் முன்னாடி பட்டன் வந்துச்சு."

"வந்துச்சுன்னா? யார் மாட்டினாங்க?"

"ஓட்ட ஓட்ட வண்டி நல்லா ஆயிட்டு வருதேன்னு சந்தோசமாத்தான் இருந்தோம். அவருக்குத்தான் உடம்பு சரியில்லாம போச்சு. அதான் வித்துட்டோம்."

"உடம்புக்கு என்ன?"

"நகங்க. கைநகம் எல்லாம் விழுந்துடுச்சு. பத்தும். திரும்ப முளைக்கவே இல்லைங்க. சோறுகூடப் பிசைய முடியல, நான்தான் ஊட்டி விடறேன்."

சீ என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு போனை வைத்தார். ஏன்தான் எல்லாரும் தங்கள் வியாதியை அவரிடமே சொல்கிறார்களோ! டேஷ்போர்டில் எத்தனை பட்டன், கதவுகளில் எத்தனை பட்டன் என்று எண்ணக் கூடாது என்று நினைத்தார். கண் எண்ணிவிட்டது. அங்கே நாலு. கதவுகளில் ஆறு.

இல்லை. வேலையைப் பார்.

படிவத்தை எடுத்தார். பின் சீட்டு: துணி, நீலக் கட்டம், அசல். அதில் இடப்பக்கம், குட்டி உட்காரும் இடத்தில், சாய்மானத்தில் ஒட்டிய ஒரு பூ ஸ்டிக்கரும், அதன் கீழே தண்ணீர் பாட்டிலும் இருந்தன. முன்னால் இடது சீட்டு: துணி, நீலக் கட்டம், அசல். ஓட்டுநர் சீட்டு.

தோல்.

மாப்பிள்ளை அனுப்பிய படங்களைத் தேடி எடுத்தார். மூன்றாவது படத்தில் இதே சீட்டு நீலக் கட்டத்தோடு இருந்தது.

"ஏம்மா, டிரைவர் சீட்டுக்குக் கவர் போட்டீங்களா?" என்று முன்னறையைப் பார்த்துக் கத்தினார்.

"இல்லண்ணா. அது தானா பளபளன்னு ஆயிடுச்சு. தேய்ச்சுத் தேய்ச்சுத் துணியே அப்படி ஆயிருக்கும்னு அவர் சொன்னார்!"

துணியைத் தேய்த்தால் தோலாகுமா! படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது. டார்ச்சைக் கிட்டே பிடித்தார். மாநிறத்தில், நல்ல மிருதுவான தோல். தையலே இல்லை. நுணுக்கமான துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பொடி முடி. ஷட்டருக்கு அடியிலிருந்து ஈரக்காற்று அடித்தது. அந்தத் தோல் முழுக்கச் சிறு சிறு புள்ளியாகச் சிலிர்த்து, மெல்ல அடங்கியது.

மலிவு ரெக்சின். ரெக்சினில் இப்போது என்னென்னவோ செய்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சர்வேயர்கள் எல்லாரும் செய்வதுதான்: சீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மடிப்பில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பின்புறத்தைப் பார்ப்பது. கம்பெனித் தோல் என்றால் பின்னால் சொரசொரப்பு, ரெக்சின் என்றால் நூல் வலை. அதைப் பார்த்துவிட்டால் இந்த அசிங்கத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும், படிவத்தை நிரப்பிவிடலாம், வீட்டுக்குப் போய் சோப்பு கரையும்வரை குளிக்கலாம்.

மடிப்பை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தார். சூடாக இருந்தது. பிளேடை வைத்து ஒரே இழுப்பாக வெட்டி, துண்டை இடுக்கியால் தூக்கித் திருப்பினார்.

நூல் வலை இல்லை. சொரசொரப்பு இல்லை. பின்புறத்தில் மஞ்சளாக, சின்னச் சின்ன மணிகளாகக் கொழுப்பு ஒட்டியிருந்தது. வெட்டிய இடம் முதலில் வெள்ளையாக இருந்தது. பிறகு ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு நிறைய. அது வழிந்து அவர் மணிக்கட்டில் இறங்கி, உறைக்குள் புகுந்தது.

முன்னறையில் தங்கையின் போன் அடித்தது.

"என்னங்க? ஏங்க கத்தறீங்க? என்னாச்சு, சொல்லுங்களேன்!"

சர்வேயர் பிளேடைக் கீழே வைத்தார்.

தங்கை ஓடி வந்து கொட்டகை வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணா, நான் உடனே போகணும். அவருக்குத் தொடைல யாரோ கத்திய வெச்சுக் கிழிச்ச மாதிரி இருக்காம். படுத்த இடத்துல, தானா. கட்டில் எல்லாம் ரத்தமாம்."

இடுக்கியின் முனையில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கி எறியத்தான் நினைத்தார். எறிய முடியாது. அது மாப்பிள்ளையின் தொடை. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, அதில் வைத்து, மடித்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நெஞ்சில் அது சூடாக உட்கார்ந்தது.

"வண்டிய வெளிய எடுண்ணா."

"வாடகைக் காரு கூப்பிடு. இதுல ஏறாத."

"ஏன்? என்ன மாடல்னு..."

"ஏறாதன்னு சொல்றேன்ல! குட்டியையும் ஏத்தாத. நான்தான் வாங்கச் சொன்னேன், இப்ப நான்தான் சொல்றேன். ஏறாத."

அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. தலையாட்டினாள். அழுதுகொண்டே போனில் கார் கூப்பிட்டாள். "பாப்பா பாட்டில் பின் சீட்டுல இருக்கு, அதையாவது எடுத்துக் குடு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள்.

நல்ல வேளை என்று ஒரு நினைப்பு வந்தது. மாப்பிள்ளைக்கு மருந்து போடலாம். வண்டியை இங்கேயே பூட்டி, யாரும் உட்காராமல் வைத்தால் இத்தோடு நின்றுவிடும். நின்றுவிட வேண்டும். ரத்தம் ஊறிய உறைகளைக் கழற்றி வாளியில் போட்டார். வெறுங்கையோடு பின்பக்கத்து இடது கதவைத் திறந்தார்.

சற்றுமுன் இருந்த கைப்பிடி இல்லை. பட்டன் மட்டும் இருந்தது.

பாட்டிலை எடுத்தார். அது கிடந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சாய்ந்து உட்காரும் இடத்தில், பூ ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், சற்றுமுன் அவர் அசல் என்று குறித்த நீலக் கட்டங்கள் மங்கியிருந்தன. நடுவில் கட்டமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் துணியே இல்லை.

வெளிர் மாநிறம். வழுவழுப்பு. பூனைமுடி.

தொடாதே என்று உடம்பு முழுக்கச் சொன்னது. வாழ்நாளில் அடுத்தவர் வண்டியை வெறுங்கையால் தொட்டதில்லை. அது வேறு ஏதாவதாக இருக்கட்டும். ரெக்சினாக இருக்கட்டும். பூஞ்சையாக, புண்ணாக, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

ஒரு விரலை வைத்தார். லேசாக.

முன்னறையில் குட்டி கலகலவென்று சிரித்தாள்.

"அம்மா, கூசுது! யாரோ முதுகுல விரல் வெக்கறாங்க!"

அவர் விரலை எடுத்தார். சிரிப்பு நின்றது. விரல் பட்ட இடத்தில் பொடிப் பொடியாக மயிர்க்கால்கள் எழுந்து நின்றன.

மழை இரைச்சலுக்கு நடுவே, அந்தச் சின்னக் குரல் கொட்டகையை நோக்கிக் கெஞ்சியது.

"இன்னொரு தடவை, மாமா."