பெலூசாவின் தலைமாட்டுக் கதவு

பால்மிரா ஊரில் எத்தனையோ வீடுகள் உண்டு. ஆனால் மர்யோரி கட்டிய வீட்டுக்குக் கிட்டே எதுவும் வராது. என்ன, அதில் குடியேற எட்டுக் கால் வேண்டும்.

அது ஒரு கண்ணாடித் தொட்டி. பின்சுவரில் களிமண்ணும் தென்னை நாரும் குழைத்துப் பூசி, மரப்பட்டை போலவே கீறியிருந்தாள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் தக்கைப் பட்டை. கீழே பாசி, பெரணிச் செடி, ஒரு மூலையில் குட்டித் தண்ணீர்க் கிண்ணம். பள்ளி விடுமுறையின் முதல் வாரம் முழுவதும் அதிலேயே போனது. விரலில் பசை காய்ந்து தோல் உரிந்துவிட்டது.

குடிவந்தவள் பெயர் தோன்யா பெலூசா, அதாவது 'பஞ்சுமுடி அம்மாள்'. மரத்தில் வாழும் பெரிய சிலந்தி. மர்யோரியின் உள்ளங்கை அளவு இருப்பாள். உடம்பெல்லாம் கறுப்பு மயிர், கால் நுனி எட்டும் இளஞ்சிவப்பு.

"நகத்துக்குச் சாயம் பூச இவளுக்கு நேரம் கிடைக்குது. எனக்கு மூஞ்சி கழுவவே நேரமில்ல," என்பாள் அம்மா நொயெமி.

அம்மாவுக்கு ரொட்டிக்கடையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்குப் புருவத்தில் மாவோடும், கையில் ஒரு பை பாலாடைக்கட்டி ரொட்டியோடும் வருவாள். வாசல் கதவை ஒட்டிப் போட்ட கட்டிலில் அப்படியே சாய்வாள். சத்தம் இல்லாத உள்ளறையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டன.

சிலந்தியைக் கொடுத்தது லெய்டி சித்தி. அரசு அனுமதியோடு சிலந்தி வளர்க்கும் பண்ணையில் அவளுக்கு வேலை. கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு வாரம் பார்ப்பேன். வலை கட்டி, இரை தின்னா உனக்கு. இல்லன்னா திரும்பப் பண்ணைக்கு. அப்புறம் அழுது காரியமில்ல, சொல்லிட்டேன்!"

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பெலூசா ஒரு வெட்டுக்கிளியைக்கூடத் தொடவில்லை.

அவள் சோம்பேறி இல்லை, பாவம். முதல் நாளே வலை கட்டினாள். பட்டையின் உச்சியிலிருந்து தொட்டியின் மூடிவரை வெள்ளையாக, குழாய் மாதிரி. மர்யோரி தண்ணீர் தெளிக்க மூடியைத் திறந்தாள். வலை டர்ரென்று கிழிந்து மூடியோடு வந்தது. பெலூசா அலறியடித்துக் கீழே ஓடினாள். மறுநாள் மறுபடி கட்டினாள். இரை போடத் திறந்ததும் கிழிந்தது. அதற்கு மறுநாளும் அதே கதை. இப்போது கட்டுவதையே விட்டுவிட்டு மூலையில் கால்களைச் சுருட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இவளுக்கு நம்மளப் பிடிக்கல," என்றான் எட்டு வயது எய்டர்.

"வாய மூடு. களைப்பா இருக்கா, அவ்வளவுதான்."

மர்யோரிக்கும் களைப்புதான். வெளியே வெட்டுக்கு முன் கரும்புக் காட்டை எரித்த கரித்தூள் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. துவைத்த துணியை இரண்டாம் முறை அலசிப் போட்டிருந்தாள். இதில் ஞாயிற்றுக்கிழமையோடு சித்தியின் கெடு முடிகிறது; பெலூசாவையும் கொண்டுபோய்விடுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா கண் அசந்த பத்தாவது நிமிடம் கதவு தடதடவென்று ஆடியது. தெருப்பிள்ளைகள் நான்கு பேர்.

"சிலந்தி வீடு பார்க்கணும்!"

பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்து அவகாடோப் பழக்காரர். பிறகு மிக்ஸி மூடி கேட்டு எதிர்வீட்டுப் பெண். பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள். எப்போது வேண்டுமானாலும் வாங்க என்று ஊரைக் கூப்பிட்டது யார்? நம் மர்யோரிதான்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"தலைமாட்டுல கதவ வச்சுக்கிட்டு எப்படிடி தூங்குறது? ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் தூக்கம் கிழிஞ்சுபோகுது. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இப்ப ஆரம்பிக்கவும் முடியல கண்ணு."

மர்யோரி அம்மாவைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். பெலூசா படுக்க விரும்பியது உச்சியில். தொட்டியின் கதவு இருப்பதும் அதே உச்சியில்.

"அட மண்டு!" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

தொட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் போதும். மேலே இருக்கும் கம்பிவலை மூடி முன்பக்கக் கதவாகிவிடும். மூடி இரண்டு பாதியாகத் திறக்கும். கீழ்ப்பாதியை மட்டும் திறந்து தண்ணீரும் இரையும் வைக்கலாம். மேல்பாதி பெலூசாவுக்கே.

ஆனால் நிமிர்த்தினால் மண் சரியும். பின்சுவர் பெயரும். பெரணி பக்கவாட்டில் தொங்கும். ஒரு வார உழைப்பு அத்தனையும் போகும்.

"வேணாங்க்கா! எவ்வளவு அழகா இருக்கு!" எய்டர் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"நமக்குத்தான்டா அழகு. அவ தூங்க வேணாமா?"

எய்டர் யோசித்தான். பிறகு எழுந்து போய்ப் பெரிய டம்ளரும் அட்டையும் கொண்டுவந்தான்.

பெலூசாவை டம்ளரால் மூடி, அட்டையை மெல்ல அடியில் நுழைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். பின்சுவரைப் பெயர்க்கும்போது மர்யோரி கண்ணை மூடிக்கொண்டாள். மண் வழியாமல் இருக்கத் தொட்டி வாசலின் அடியில் ஒரு மரச்சட்டம் ஒட்டினாள். தக்கைப் பட்டையை அறுத்து ஒட்டி உயரத்துக்கு நிறுத்தினாள். உச்சியில் மறைவுக்கு நாலு இலை. பெலூசாவையும் ஒரு வெட்டுக்கிளியையும் உள்ளே விட்டு முடித்தபோது இடுப்பு ஒடிந்தது.

"ரொம்ப சுமாரா இருக்கு," என்றான் எய்டர்.

"தெரியுது. வேலையைப் பாரு."

சனிக்கிழமை காலை பட்டையின் உச்சியில் மெல்லிய வெள்ளை நூல் தெரிந்தது. வெட்டுக்கிளி மட்டும் கீழே ஜாலியாகத் திரிந்தது. மர்யோரி எதையும் தொடவில்லை. வந்த பிள்ளைகளையும் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

மாலையில் அம்மா வேலைக்குப் போனதும் எய்டரைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு வேலை இருக்கு."

"ஐயோ, என்னால முடியாது! நான் செத்துட்டேன்!"

"செத்தவன் பேசமாட்டான். கட்டிலோட அந்தப் பக்கத்தைப் பிடி."

ஞாயிறு காலை அம்மா கதவைத் திறந்தாள். வாசலருகே பிள்ளைகளின் இரட்டைக் கட்டில் நின்றது.

"என் கட்டில் எங்கடி?"

"உள்ளறையில. நாங்க தூங்குறது ராத்திரிலதானேம்மா? அப்ப யாரு கதவ தட்டப்போறா?"

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது. ரொட்டிப் பையை மர்யோரியிடம் கொடுத்து, அவள் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மதியம் லெய்டி சித்தி வந்தாள். அவள் கதவு தட்டினால் தெருவுக்கே கேட்கும். கையில் பண்ணைக்குக் கொண்டுபோகும் பெட்டி.

சித்தி தொட்டியருகே குனிந்தாள். கீழே வெட்டுக்கிளியைக் காணோம். தேடினால் அதன் ஒரு கால் மட்டும் கிடந்தது. உச்சியில் தடித்த வெள்ளைக் குழாய். அதன் வாயில் இளஞ்சிவப்பு நுனிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன.

"அடிப்பாவி! தொட்டியவே நிமிர்த்திட்டியா?" என்று சித்தி சிரித்தாள். பெட்டியைத் திறக்கவே இல்லை. "நொயெமி எங்க? கூப்பிடு, அவளும் பார்க்கட்டும்!"

"அம்மாவ எழுப்பக் கூடாது சித்தி. ரொட்டி சாப்பிடுங்க."

சித்திக்குக் குசுகுசுவென்று பேச வராது. அன்று கற்றுக்கொண்டாள்.

நாலரை மணிக்கு அம்மா எழுந்து வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. கண்ணைக் கசக்கியபடி வாசலைப் பார்த்தாள்.

"என்ன அதிசயம்! இன்னைக்கு நம்ம வீட்டுக் கதவ யாருமே தட்டலையா?"

எய்டர் விரல்விட்டு எண்ணினான். விரல் போதவில்லை.

"பதினோரு பேர் தட்டினாங்கம்மா," என்றாள் மர்யோரி.