நல்லகாமன் எழுதாத அறிக்கை

கோச்சடையில் முத்துக்கருப்பன் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கிய பக்ருன்னிசாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் நடத்தும் நீரியல் ஆய்விதழில், வரும் கட்டுரைகளைப் படித்துத் தேறுமா தேறாதா என்று சொல்லும் மதிப்பீட்டாளர்களுக்குச் சம்பளமெல்லாம் கிடையாது. ஆண்டுக்கொரு முறை ஆசிரியரே வீடு தேடிப் போய் ஒரு சால்வை போர்த்துவார், அவ்வளவுதான். அன்று காலை அவனியாபுரத்தில் பேராசிரியர் நல்லகாமனுக்குப் போர்த்தப் போனவர், சால்வையைப் பிரிக்காமலே திரும்பி வந்திருந்தார்.

"படத்துக்கு மாலை போட்டிருக்காங்கண்ணே. அவர் மௌத்தாகி நாலு மாசமாச்சாம். போன செவ்வாய்க்கிழமைதான் அவர்கிட்டருந்து எனக்கு அறிக்கை வந்துச்சு."

ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் முத்துக்கருப்பன் பதறவில்லை. தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். பீமாராவ்தான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திவிட்டு, இப்போது ஆட்களிடம் பிழை தேட நண்பரோடு ஒட்டிக்கொண்டவர் அவர்.

விஷயம் இதுதான். பாண்டீஸ்வரி என்ற ஆய்வு மாணவி மழையையும் கண்மாய் நீர்மட்டத்தையும் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். வழக்கம்போல் அவள் பெயரை மறைத்து, அலுவலகப் பட்டியலில் பத்து மாதமாக இருக்கும் நல்லகாமனின் மின்னஞ்சலுக்கு அனுப்பினார்கள். 'தேறாது' என்று பதில் வந்தது. வரும் வியாழக்கிழமை அவளுக்கு ஒரு கல்லூரியில் நேர்காணல். கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் காட்டாவிட்டால் வேலை கைநழுவிவிடும்.

மின்னஞ்சல் வேலையெல்லாம் பார்ப்பது அலுவலக உதவியாளர் சுருளி என்றதும், அவனைப் பிடித்தால் போதும் என்று பீமாராவ் துள்ளினார். முத்துக்கருப்பன் அறிக்கையையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தார். 2016ஆம் ஆண்டு மழை அளவே இல்லை, அது இல்லாமல் முடிவு நிற்காது என்பதுதான் அறிக்கை சொன்ன பெருங்குறை. கட்டுரையிலோ அந்த அளவு அட்டவணையில் பளிச்சென்று இருந்தது. வயதானவர், கண் தவறியிருக்கும் என்று தான் விட்டுவிட்டதாகப் பக்ருன்னிசா தலைகுனிந்து சொன்னார். முத்துக்கருப்பன் பாண்டீஸ்வரியைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

மறுநாள் ஆய்விதழ் அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். சந்தேகம் தன்மேல்தான் என்று தெரிந்த சுருளி கதவோரமாகவே நின்றான். பாண்டீஸ்வரியும், அவளுக்கு ஆய்வு நெறியாளரான பேராசிரியர் பாண்டியராஜனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். தன் மாணவிக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று அவர்தான் முதலில் பேசினார்.

"நியாயம் கிடைச்சிரும் சார்," என்றார் முத்துக்கருப்பன். "இல்லாத குறைய ஒருத்தர் சொல்றாருன்னா, அவர் படிச்சது இந்தக் கட்டுரையே இல்ல. சுருளிக்கு வந்ததும் அவன் அனுப்புனதும் இதுதான். 2016 இல்லாத பிரதி யார்கிட்ட இருக்குன்னு நேத்து போன்ல கேட்டேன்; ஒண்ணே ஒண்ணுதான் இருந்திருக்கு. அத இந்தப் பொண்ணு தாள்ல அடிச்சு உங்க கையில குடுத்திருக்கு. அப்புறம் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து அந்த அளவ வாங்கிச் சேர்த்திருக்கு. சேர்த்தத நீங்க படிக்கவே இல்ல. கையெழுத்த மட்டும் போட்டீங்க."

பக்ருன்னிசா பாண்டியராஜனைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடமாக ஆய்விதழ்க் கூட்டங்களில் அவர் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்த மனிதர்!

பாண்டியராஜன் மறுக்கக்கூட இல்லை. "இவ வேலைக்குப் போயிட்டா என் ப்ராஜெக்ட் அறிக்கையெல்லாம் யாரு எழுதுறது? ஒரு வருஷம் தள்ளிப்போகட்டும்னு நெனச்சேன்," என்றார், ஏதோ பஸ் தவறிவிட்டது போல.

சுருளி பழைய கோப்பை எடுத்து வந்தான். கட்டுரை கொடுப்பவரே, இன்னாரிடம் காட்டலாம் என்று ஒரு பெயரும் முகவரியும் எழுதிக் கொடுக்கும் படிவங்கள் அதில் இருந்தன. நல்லகாமனின் மின்னஞ்சல் முகவரி முதன்முதலில் வந்ததே பாண்டியராஜன் தன் சொந்தக் கட்டுரையோடு கொடுத்த படிவத்தில்தான்; அது அவரே தொடங்கிய போலி முகவரி. அந்தக் கட்டுரையை ஆகா ஓகோ என்று புகழ்ந்த அறிக்கையும் பின்னாலேயே இருந்தது. அதை நம்பி முதல் பக்கத்தில் போட்டவர் பக்ருன்னிசா. தன்னையே புகழ்ந்துகொள்ள உயிரோடிருந்தவர் பெயர், மாணவியைக் கவிழ்க்கச் செத்தவர் பெயர். ஒரு தடவை போன் போட்டுக் கேட்டிருந்தால் போதுமே என்று பக்ருன்னிசா தன்னையே நொந்துகொண்டார்.

பாண்டியராஜனின் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், தவறு தன்னுடையது என்றும் அடுத்த இதழில் தன் பெயரிலேயே போடுவதாகச் சொன்னார். பாண்டீஸ்வரியின் கட்டுரையை வேறு இரண்டு பேருக்கு, இந்த முறை வீட்டுக்கே போய்க் கொடுத்தார். புதன்கிழமை மாலை இருவரும் 'ஏற்கலாம்' என்றார்கள்.

கடிதம் வாங்க வந்த பாண்டீஸ்வரிக்கு இன்னும் அதிர்ச்சி விடவில்லை.

"எங்க சார் கடைசிப் பிரதியில கையெழுத்துப் போடுறப்ப, வரிக்கு வரி படிச்சேம்மா, கண்ணு கலங்கிருச்சுன்னாரு மேடம். அத அப்படியே நம்பி எங்க அம்மாட்டயும் சொன்னேன்."

கட்டுரையின் நன்றியுரையில் பாண்டியராஜன் பெயர்தான் முதலில் இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று பக்ருன்னிசா தயங்கித் தயங்கிக் கேட்டார். பாண்டீஸ்வரி மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"இருக்கட்டும் மேடம். முதல் பிரதிய மட்டும் படிச்சதுக்கு நன்றின்னு மாத்திக்கிறேன்."