பட்டியலில் பிருந்தன்

“அது உன்ர பேரடா, விசரா!”

“பேர் என்ர பேர்தான் அக்கா. ஆள் நானில்லை!”

ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கிடங்கு அலுவலகம் ஒன்றில், ஞாயிறு பிற்பகலில், தரை துடைக்க வந்த கமலநாயகியும் தம்பி பிருந்தனும் கத்திக்கொண்டிருந்தார்கள். வேறு ஆளில்லை, இருந்திருந்தால் நல்ல வேடிக்கை.

ஜெர்மன்காரருக்குக் குடும்பப்பெயர் இல்லாமல் ஆகாது. நம்மவர்களிடம் அது கிடையாது. ஆகவே பிருந்தன் தகப்பன் பெயரால் ‘நவரத்தினம்’ ஆனான். அவனைக் கட்டிய சாரங்கா புருஷன் பெயரால் ‘பிருந்தன்’ ஆனாள். இருவருக்கும் இங்கேதான் வேலை. கணினி இருவரையும் குடும்பப்பெயரால்தான் அறியும். சாரங்கா புற்றுநோயில் போய் மூன்று மாதம். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பிருந்தனிடம், அவள் கணினிக் கணக்கை நாளைக்குள் அழிக்கச் சொல்லியிருந்தார் மேலாளர். இவன் மாட்டேன் என்று நின்றான்.

“அவள் இன்னும் வாறாள் அக்கா. பாருங்கோ.”

எந்த மேசையிலிருந்து யார் யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று கேட்டால் கணினி நீளமாக ஒரு பட்டியலைக் கொட்டும். அதில் ‘பிருந்தன்’ வரியை மட்டும் பிடித்து, மேசை எண்ணை மட்டும் கத்தரித்து, நிமிடத்துக்கு ஒருதரம் காட்ட ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதியிருந்தான். மற்றவர்கள் செத்த மனைவியின் படத்தை மாட்டுவார்கள். இவன் கெட்டிக்காரனல்லவா.

திரையில் 7 வந்தது. ஜன்னலோரம், சாரங்காவின் மேசை. ஈர அட்டைப்பெட்டிகளின் வாடைக்குள் ஆஸ்பத்திரிச் சவர்க்காரத்தின் மெல்லிய வாசம் கலந்துவருவதையும், வெப்பக்குழாயின் டிக் டிக் ஒலிக்கு இடையே யாரோ அடக்கி அடக்கி மூச்சு வாங்குவதையும் அவன் ஏக்கத்தோடு உணர்ந்துகொண்டிருந்தான்.

6.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

5.

“சாரங்கா?” என்றான் அவன். இத்தனை நாளும் அவள் ஏழாம் மேசையை விட்டு நகர்ந்ததில்லை.

3.

அவன் இருந்தது முதலாம் மேசை.

“அழியடா!” என்றார் அக்கா. “கும்பிட்டன், அழியடா!”

அழுதுகொண்டே அழிக்கும் கட்டளையை அடித்தான். இரண்டாந்தரமும் அவளுக்குக் கொள்ளி வைப்பதுபோல் இருந்தது.

கணினி ஜெர்மனில் பதில் தந்தது: இந்த நபர் தற்போது உள்ளே இருக்கிறார். நீக்க முடியாது.

1.

கழுத்தில் மூச்சு. குளிர்.

கமலநாயகி அந்த மாதமே வுப்பர்டாலுக்கு வீடு மாறினார். மறுவருடம் பிருந்தனுக்குக் கெல்சென்கிர்ச்சனில் சிவாஜினி என்ற பெண்ணைப் பேசிக் கட்டிவைத்தார்கள். பதிவு அலுவலகத்தில் அவளும் குடும்பப்பெயரைப் ‘பிருந்தன்’ என்று எழுதினாள்.

சாரங்காவின் கையெழுத்தில்.