இரவல் காரின் இடப்பக்க இருக்கை

ஆள் இல்லாத இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்த ஆரம்பித்தபோது காளிதாஸ் தங்கச்சிமடத்தைத் தாண்டியிருந்தான். சன்னமான மணிச்சத்தம், ஆனால் விடாமல் அடித்தது. இடப்பக்கம் பார்த்தான். பை இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, ஒரு துண்டுகூட இல்லை.

இரவல் வண்டி அப்படித்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அவனுடைய சொந்த டாக்ஸி, கியர் பாக்ஸைக் கழற்றிப்போட்ட நிலையில் ராமநாதபுரத்தில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அது தயாராகும்வரை ஓட்டிக்கொள் என்று ஒர்க்‌ஷாப்காரர் கொடுத்த கார் இது. காலையிலிருந்தே அவனுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. கிளட்ச் தொடை கடுக்கும் உயரத்தில்தான் பிடித்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தால் எவனோ குட்டையனுக்கு வாகாக மறுபடி தணிந்துகொண்டது. ஏசியைக் குறைத்தால் கூடியது. சொந்த வண்டி முனகினால் எந்த நட்டு என்று சொல்லிவிடுவான். ஊரான் வண்டி முனகினால் அதன் குணம் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனாலும் மனசு உறுத்தியது. அவன் போய்வந்த இடம் அப்படி. பெண்டாட்டி நாகஜோதிக்கு எட்டாம் மாதம். இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற பிள்ளை. அப்படிப்பட்டவளின் புருஷன் கேத வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஆனால் செத்துப்போனது ராக்கப்பன் முதலாளி. டாக்ஸி வாங்கும்வரை அவருடைய ஐஸ் லாரியைத்தான் ஓட்டிப் பிழைத்தான். ஒவ்வொரு நடைக்கும் அவர் இடப்பக்கம் ஏறி, தொந்தியைத் தடவிக்கொண்டு கூடவே வருவார். கடைசியாக முகம் பார்க்காமல் இருக்க அவனுக்கு மனம் வரவில்லை. பெண்டாட்டியிடம் சவாரி என்று பொய் சொல்லிவிட்டு வந்தான். குளிர்பெட்டிக்குள் கிடந்தவரைக் கும்பிட்டான். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று இருந்தவனுக்கு அதற்குள் போன் வந்துவிட்டது.

“ஏங்க, வயிறு சுருட்டிச் சுருட்டி வலிக்குது. இங்கன ஒரு ஆளும் இல்ல. வெரசா வாங்க.”

பதறிக்கொண்டு காருக்கு ஓடினான். மண்டபம்வரை உடன் வருவதாகச் சொல்லியிருந்த மதார் பாய் பின்னாலேயே வருகிறார் என்ற நினைப்பில், இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அந்த வீட்டைப் பார்த்து, “வாங்க, ஏறுங்க, போவோம்” என்று கூப்பிட்டான். கேத வீட்டிலிருந்து கிளம்புகிறவன் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லமாட்டான். வா என்று ஒருவரையும் கூப்பிடமாட்டான். மதார் பாய் பந்தலை விட்டு இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.

“நீ போ காளி. நான் தூக்குனதுக்கப்புறம் வாரேன்” என்று அங்கிருந்தே கையசைத்தார்.

காளிதாஸ் சுற்றிவந்து தன் பக்கம் ஏறினான். இடப்பக்கக் கதவு அதற்குள் சாத்தியிருந்தது. கடற்காற்று சாத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பாம்பன் பாலத்தில் ஏறும்போது பொழுது அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கடல் கறுத்துக் கிடக்க, காற்று கதவு இடுக்குகளில் புகுந்து ஊளையிட, கார் மட்டும் காற்று தள்ளும் திசைக்கு எதிராக இடப்பக்கமே சாய்ந்து ஓடியது. உள்ளே சாமந்தி மாலையும் பத்தியும் மணத்தன; அதற்கடியில் மீன் பெட்டியில் கொட்டிய ஐஸின் வாடை. ஏசியை நிறுத்தினான். குளிர் நிற்கவில்லை. இடப்பக்க ஜன்னல் கண்ணாடி மட்டும் உள்பக்கமாக வியர்த்து வழிந்தது. மணிச்சத்தம் அவசரமாகியது.

சத்தம் பொறுக்காமல், டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். ஒரு கையை நீட்டி, காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினான். சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

பிறகுதான் பார்த்தான். பெல்ட் இருக்கையோடு படிந்து கிடக்கவில்லை. விம்மி நின்றது. பெரிய தொந்தி ஒன்றைச் சுற்றிப் போட்டதுபோல. மூச்சுக்கு அது ஏறி இறங்கவில்லை.

ரோட்டை மட்டும் பார்த்தான். பாலம் முடிந்தது. மண்டபம் தாண்டி ஆளில்லாத ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, இடப்பக்கக் கதவை அகலத் திறந்தான். உள்ளே பார்க்காமல் கைகூப்பினான்.

“முதலாளி, தெரியாமக் கூப்புட்டுட்டேன். எறங்கிக்கங்க. எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. ரெண்டு போயிருச்சு முதலாளி. இது ஒண்ணாச்சும் தங்கட்டும்.”

குனிந்து கொக்கியை விடுவித்தான். பெல்ட் சரசரவென்று உள்ளே ஓடியது. காரின் இடப்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. வாடை போனது. குளிரும் போனது. காளிதாஸ் ரோட்டிலேயே நின்று அழுதான். கதவைச் சாத்திவிட்டுத் தன் பக்கம் போகும்போது இன்னொரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எங்கோ தள்ளியிருக்கும் வீட்டுக் கதவாக இருக்கும் என்று எண்ணி, திரும்பிப் பார்க்காமல் ஏறினான்.

உச்சிப்புளியில் வீடு வந்து சேரும்வரை மணிச்சத்தம் இல்லை. இடப்பக்கம் வெறும் இருக்கைதான். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த நாகஜோதிக்கு நிற்க முடியவில்லை. கால் நீட்டிக்கொள்ளட்டும் என்று அவளைப் பின்னால் ஏற்றினான். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அவள் முனகல் ஒவ்வொன்றும் அவன் முதுகில் ஏறியது.

சட்டென்று முனகல் நின்றது.

“ஜோதி?”

“ஏங்க, இவுக யாரு?”

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“யாரு?”

“பக்கத்துல இருக்காகளே, இந்தப் பெரியவரு. கைய வச்சதும் வலி நின்னுருச்சுங்க.” தூக்கக் கலக்கம்போல் குரல் குழறியது. “புள்ளகூட அடங்கிருச்சு.”

கண்ணாடியைப் பார்த்தான்.

நாகஜோதி கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்திருந்தது. இருக்கையில் அல்ல. ஒரு தோள் உயரத்தில். வெறும் காற்றில்.

வயிற்றின் மேல் சேலை அமுங்கியிருந்தது. ஐந்து விரல். அகலமான உள்ளங்கை.

பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை.

விரல்கள், ஒவ்வொன்றாக, உள்ளே மடங்கின.